படங்குக் கயிறும் ஆபரேஷன் தழும்பும்

போன மாசம் பக்கத்து லயத்து அக்கா ஒருத்தர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சிசேரியன் செய்து நாலு மாசம். அடிவயிற்றில் தழும்பு சிவந்து, தடித்து, இரவில் அரிக்குதாம். "தங்கச்சி, நீ நெட்ல எல்லாம் பார்ப்பியே. இந்தத் தழும்பு போறதுக்கு என்ன பூசலாம்னு பார்த்துச் சொல்லேன். மஞ்சள் பூசினேன், தேங்காண்ணெய் பூசினேன். படங்கு கட்டுற இடத்துலயே இருக்கு. ஒரசி ஒரசி எரியுது."

தேடிப் பார்த்தேன். பூசுவதற்கு நூறு சாமான் கிடைத்தது. ஆனால் அக்கா சொன்ன கடைசி வார்த்தைதான் மனசில் நின்றது. படங்கு கட்டுகிற இடம். டயகம மலையில் பனி விழுகிற காலையில், நனைந்த தேயிலைச் செடிக்குள் இறங்கும்போது உடம்பு நனையாமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டி, கயிற்றால் இறுக்குவார்கள். அந்தக் கயிறு விழுகிற இடமும் டொக்டரின் கத்தி விழுந்த இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே தழும்பைக் குறைக்கிற மருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், அந்தத் தழும்பு நம் பெண்களின் வயிற்றுக்கு எப்படி வந்தது என்றும் பேச வேண்டியிருக்கிறது.

பாடின தழும்பும் பாடாத தழும்பும்

தமிழில் தழும்புக்குப் பெரிய மரியாதை உண்டு. போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட காயத்தை விழுப்புண் என்று கொண்டாடினார்கள். விழுப்புண் படாத நாளெல்லாம் வீணான நாள் என்று வீரன் கணக்கிடுவதைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் சொல்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்ட வெட்கம் தாங்காமல் வடக்கிருந்து உயிர் விட்டதைப் புறநானூறு பாடுகிறது. எந்த இடத்தில் தழும்பு என்பது மானப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

ஆனால் பிள்ளை பெற்ற வயிற்றில் விழுந்த தழும்பை யாரும் பாடவில்லை. அது சேலைக்குள் மறைத்து வைக்க வேண்டிய ஒன்று.

காலனி ஆட்சிக்குத் தழும்பு இன்னொரு விதமாகப் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கும், பிறகு பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களின் குடியேற்றச் சீட்டுகளில் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடம்பின் அடையாளங்களையும் எழுதினார்கள். கால் எலும்பின் மேல் ஒரு தழும்பு, நெற்றியில் ஒரு வடு என்று அந்த வரி போகும். இலங்கைக்கு வந்தவர்கள் அந்த ஒப்பந்த முறையில் வரவில்லை, கங்காணியின் கீழ் வந்தார்கள். என்றாலும் ஒன்று பொதுவானது. கூலியின் தழும்பு துரைமாருக்கு ஆளை அடையாளம் காணும் குறி. அது வலிக்குதா என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

1867இல் நடந்த இரண்டு சம்பவம்

1867ஆம் வருடத்தை மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட வருடம். அதே வருடம் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கார்போலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தப்படுத்தினால் சீழ் பிடிக்காது என்று மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன் வயிற்றைத் திறப்பது என்றால் பெரும்பாலும் மரணம்தான். மயக்க மருந்து 1846, 1847இலேயே வந்துவிட்டது. ஆனால் சீழைத் தடுக்கத் தெரியாத வரை கத்தி வயிற்றுக்குள் போக முடியவில்லை.

தேயிலையும் பாதுகாப்பான ஆபரேஷனும் ஒரே வயசு. ஆனால் தேயிலை சீக்கிரமே டயகம வரை ஏறி வந்துவிட்டது, சத்திரசிகிச்சை ஏறி வர நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். தோட்டப் பகுதிகளுக்கான முதல் மருத்துவத் தேவைச் சட்டம் 1872இல் வந்தது. 1912இல் அதைப் புதுப்பித்து எழுதினார்கள். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. இதிலெல்லாம் முக்கிய கவலை, கூலி வேலைக்கு எழும்புவானா என்பதுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்தது மருந்துத் தண்ணியும் மாத்திரையும் காயத்துக்குக் கட்டும். பிள்ளைப்பேறு லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையால் நடந்தது. அந்தக் காலத்துப் பாட்டிமாரின் வயிற்றில் கத்தித் தழும்பு அபூர்வம். தழும்பு விழாத அளவுக்கு அவர்கள் நல்லா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. கத்தி தேவைப்பட்டபோது அது கிடைக்காதவர்கள் தழும்பு இல்லாமலேயே செத்துப் போனார்கள்.

எல்.ஆர்.டி என்கிற சின்னத் தழும்பு

நம் அம்மாமார், பெரியம்மாமார் வயசில் உள்ள பெண்களிடம் கேட்டால், பலருக்கு ஒரு சின்னத் தழும்பு இருக்கும். தொப்புளுக்குக் கீழே, விரல் நீளம் அளவில். "எல்.ஆர்.டி செஞ்சது" என்பார்கள். கருக்குழாயைக் கட்டி வெட்டிவிடுகிற நிரந்தரக் கருத்தடை அது.

இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. 1965இல் அரசாங்கம் குடும்பத் திட்டமிடலைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1980இலிருந்து நிரந்தரக் கருத்தடை செய்துகொள்பவர்களுக்கு அரசு ஊக்கப் பணம் கொடுத்தது. முதலில் 100 ரூபா, பிறகு அது 500 ரூபா வரை உயர்ந்தது. அன்றைய தோட்டச் சம்பளத்தில் 500 ரூபா என்பது சின்னத் தொகை இல்லை. தீபாவளிச் செலவு, கடைக் கடன், பிள்ளைக்குச் சப்பாத்து எல்லாம் அதற்குள் அடங்கும்.

நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் தோட்டப் பகுதியில் நிரந்தரக் கருத்தடையின் பங்கு நீண்ட காலம் கூடுதலாகவே இருந்தது. பிள்ளை போதும் என்று தாங்களே முடிவெடுத்துச் செய்துகொண்ட பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அது ஒரு விடுதலை. ஆனால் மாத்திரை, ஊசி, லூப் என்று மற்ற வழிகளைச் சரியாக விளக்கினார்களா, தமிழில் விளக்கினார்களா, பணமும் தோட்ட நிர்வாகத்தின் சொல்லும் சேரும்போது ஒரு பெண்ணின் சம்மதம் எவ்வளவு சுயமானது என்ற கேள்விகளை ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் தொடர்ந்து எழுப்பியிருக்கிறார்கள். 1948இல் பறிபோன குடியுரிமை அந்தக் காலத்தில் மலையகத் தமிழர் பலருக்கு இன்னும் திரும்பக் கிடைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாக்கு இல்லாதவர்களின் வயிற்றைப் பற்றி முடிவெடுப்பது சுலபம்.

மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா?

அடுத்த தழும்பு சிசேரியன். இதற்கு ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு, ஏனென்றால் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதிலேயே தழும்பின் பாதிக் கதை இருக்கிறது.

1861இல் வியன்னாவின் உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர், இறந்த உடல்களில் கூரான கருவியால் வட்டத் துளைகளைக் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை, ஒரு திசையில் நீண்டு இழுபட்டன. தோலுக்கு மரப்பலகை மாதிரி ஒரு ரேகை இருக்கிறது, அந்த ரேகையோடு போகும் வெட்டு நல்லா ஆறும், குறுக்கே போகும் வெட்டு இழுபட்டுத் தடிக்கும் என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. 1882இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் கருப்பையைத் தையல் போட்டு மூடும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் சிசேரியன் செய்த தாய்மாரில் பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை. 1900இல் ஹெர்மன் பானன்ஸ்டீல் அடிவயிற்றில் குறுக்காக வளைந்து போகும் வெட்டை விவரித்து எழுதினார். இன்று பெரும்பாலான சிசேரியன் அந்தக் கோட்டில்தான் நடக்கிறது. தொப்புளிலிருந்து நேராகக் கீழே இறங்கும் பழைய வெட்டைவிட இது தோலில் குறைவாகத் தெரியும், பொதுவாக நல்லாவும் ஆறும்.

அதனால் பழைய ஆபரேஷன் செய்த அம்மாமாரின் வயிற்றில் நேர்கோடும், இன்றைய அக்காமாரின் வயிற்றில் குறுக்குக்கோடும் இருப்பதைப் பார்க்கலாம். இன்று நாட்டில் நடக்கும் பிரசவங்களில் கணிசமான பங்கு சிசேரியன். முந்தி தழும்பில்லாமல் செத்தவர்களின் பேத்திமார் இன்று தழும்போடு உயிர் வாழ்கிறார்கள். அந்த வகையில் இது நாம் வெட்கப்பட வேண்டிய தழும்பு இல்லை.

தழும்பு என்ன கேட்கிறது?

தோல் வெட்டுப்பட்டால் உடம்பு அதைப் பழைய மாதிரியே நெய்வதில்லை. கொலாஜன் என்ற நாரை அவசரமாக அள்ளிப் போட்டு ஓட்டையை அடைக்கிறது. பிறகு ஒரு வருடம், சில வேளை அதற்கு மேலும், அந்த நாரைக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருக்கிறது. சத்திரசிகிச்சைப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு இது: மூன்று வாரத்தில் அந்த இடத்தின் பலம் பழைய தோலின் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மூன்று மாசத்தில் 80 வீதத்துக்கு வரும். அதற்கு மேல் எப்போதும் முழுசாக வராது.

இந்தக் காலத்தில் காயத்தை இழுத்தாலோ உரசினாலோ உடம்பு பயந்து இன்னும் கூடுதலாக நார் போடும். தழும்பு தடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் தடிக்கும் வாய்ப்பு இன்னும் கூட. தடித்தாலும் வெட்டின கோட்டுக்குள்ளேயே நிற்கிற தழும்பு ஒரு வகை, அது பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவுவது கெலோயிட். நண்டுக் கொடுக்கு மாதிரிப் பரவுவதைப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர் அது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1939இல் வந்த பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம்தான் தோட்டப் பெண்களுக்கும் பொருந்துவது. அது பிறகு திருத்தப்பட்டு முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள் லீவு, மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் மட்டும் என்று நெடுங்காலம் இருந்தது. 2018இல்தான் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். ஆக, 2018 வரை மூன்றாவது பிள்ளையைச் சிசேரியனில் பெற்ற ஒரு பெண், தழும்பு பாதி கூட உறுதியாகாத நேரத்தில் பிரட்டுக்களத்துக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. முதுகில் கூடை, இடுப்பில் கயிறு, சரிவில் ஏற்றம் இறக்கம், சொன்ன கிலோ இல்லாவிட்டால் அரைப்பேர். மூன்றாவது பிள்ளையின் தாய்க்கு மட்டும் தோல் சீக்கிரம் ஆறும் என்று எந்த மருத்துவப் புத்தகமும் சொல்லவில்லை.

வீட்டு மருந்து

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். முதலில் ஒரு நிபந்தனை: கீழே சொல்லும் எதையும் ஆறாத காயத்தில், நூல் பிரிக்காத காயத்தில் பூசக் கூடாது.

மஞ்சள், மரமஞ்சள் என்கிற வெனிவெல், வேப்பிலை ஆகிய மூன்றும் நம்ம பக்கம் புண்ணுக்குப் பெயர் போனவை. கிருமிக்கு எதிரான குணம் அவற்றில் இருப்பதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆறி முடிந்த தழும்பைக் கரைக்கும் என்பதற்கு மனிதரில் நடந்த போதிய சான்று இல்லை. சித்த மருத்துவத்தின் மத்தன் தைலமும் ஆறாத புண்ணுக்கான மருந்து, அதையும் வைத்தியர் சொல்லித்தான் பாவிக்க வேண்டும். புண்ணுக்கு நல்லது எல்லாம் தழும்புக்கும் நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேற வேற.

தேங்காய் எண்ணெய், கற்றாழை: தோலை ஈரமாக வைக்கும், அரிப்பைக் குறைக்கும். அதைவிட முக்கியம், பூசும்போது விரலால் மெதுவாக அழுத்தித் தடவுகிறோமே, அந்தத் தடவல் இறுகின தழும்பை இளக்க உதவலாம். நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தில் உண்மை இருக்கிறது.

விட்டமின் ஈ எண்ணெய்: மாத்திரையை உடைத்துப் பூசும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. 1999இல் மியாமியில் ஆபரேஷன் தழும்புகளில் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது. காசு மிச்சம்.

எலுமிச்சைச் சாறு: வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டு இன்னும் கறுக்கும். மலையில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு இது நேர் எதிரி.

ஆஸ்பத்திரி மருந்து

தடித்த தழும்புக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடுவது 1960களில் பரவியது. இன்றும் கெலோயிட்டுக்கு முதல் தெரிவுகளில் ஒன்று. பல தடவை போட வேண்டும், வலிக்கும், ஆனால் வேலை செய்யும். கெலோயிட்டை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. வெறுமனே வெட்டினால் பல பேருக்கு முந்தியதைவிடப் பெரிசாகத் திரும்பி வரும். 1970களில் தீக்காயத் தழும்புகளுக்கு இறுக்கமான அழுத்த ஆடைகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் சிலிக்கோன் ஜெல் தகடு வந்தது. டொக்டர்மார் பரவலாகச் சொல்வது இதைத்தான். ஆனால் சான்றுகள் எதிர்பார்த்த அளவு உறுதியாக இல்லை என்று பிந்திய மீளாய்வுகள் சொல்கின்றன. விலையோ, பல நாள் பேரை ஒரே டியூப் விழுங்கிவிடும். லேசர் சிகிச்சை நமக்கு இன்னும் தூரம்.

ஆனால் இந்த வரிசையில் ஒரு எளிய சாமான் இருக்கிறது. காயத்துக் கட்டை ஒட்டுவார்களே, அந்தக் கடதாசிப் பிளாஸ்டர். ஆஸ்திரேலியாவில் சிசேரியன் செய்த 70 பெண்களிடம் அதைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நூல் பிரித்த பிறகு தழும்பின் மேல் அதை ஒட்டி, 12 வாரம் தொடர்ந்து பாவித்தவர்களுக்குத் தழும்பு தடிப்பது நன்றாகக் குறைந்தது. அதில் மருந்து எதுவும் இல்லை. தோல் இழுபடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். விலையும் பெரிசில்லை, பாமசியில் கிடைக்கும். தோல் சிவந்து அரித்தால் நிறுத்திவிட வேண்டும்.

12 வாரம் என்றால் 84 நாள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தழும்பு கேட்கிற மருந்து விலை கூடின ஜெல் இல்லை. இழுக்காமல், உரசாமல் விடுங்கள் என்றுதான் அது கேட்கிறது. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத ஒரே மருந்து அதுதான்.

அக்காவுக்குச் சொன்னது

நான் போய் இவ்வளவு வரலாற்றையும் அக்காவிடம் ஒப்பிக்கவில்லை. சொன்னது இதுதான். எலுமிச்சை வேண்டாம். எண்ணெய் பூசி மெதுவாக அழுத்தித் தடவுங்க. நாலு மாசத் தழும்பு சிவந்திருப்பது வழக்கம், ஒரு வருடம் வரைக்கும் அது மாறிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா அரிப்பு இவ்வளவு இருப்பதால் கிளினிக் நாளில் ஒருக்கா காட்டுங்க, ஊசி தேவையா பிளாஸ்டர் போதுமா என்று டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். சீழ், காய்ச்சல், வயிறு தள்ளிக்கொண்டு வருவது, மாசாமாசம் தீட்டு நேரத்தில் தழும்புக்குள் கட்டி மாதிரி வலிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்க. கயிற்றுக்கு உள்ளே ஒரு மெத்தென்ற துணியை மடித்து வையுங்க. முடிந்தால் கயிற்றைத் தழும்புக்கு மேலே, விலாப் பக்கம் ஏற்றிக் கட்டுங்க.

அக்கா சிரித்தார். "மேல கட்டினா படங்கு வழுக்கும்டி. கொழுந்து எடுக்கிற வேகத்துல யாரு அதை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகும்போது, அவருடைய கயிற்றுக்குள்ளே பழைய துவாய் ஒன்று மடித்துச் செருகியிருந்தது.